'ரெண்டு டிகிரி ஏத்தி விடு': ஒரு மெக்கானிக் மந்திரத்தைப் பற்றி

பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கும் யாரிடமாவது "வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். கார்புரேட்டரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பதில் வரும்: "டைமிங்கை ரெண்டு டிகிரி ஏத்தி விடு, பிக்கப் வந்துரும்." டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, உடம்பைக் கையால் ஒரு துளி திருப்பி, மறுபடி முறுக்கினால் வேலை முடிந்தது. செலவு இல்லை. மேலும், பெரும்பாலும் அது வேலையும் செய்யும்! அதனால்தான் இந்த அறிவுரை அறுபது எழுபது வருடமாக உயிரோடு இருக்கிறது.

இந்தக் குறிப்பு அந்த அறிவுரையைப் பற்றிய விமர்சனம். அது முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. அது ஏன் வேலை செய்வது போலத் தெரிகிறது, எங்கே கவிழ்க்கிறது, அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் "மேனுவலில் உள்ள எண்ணை வை" என்ற பதில் ஏன் பாதிதான் சரி என்பதைப் பார்க்கலாம். எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் அம்பாசடர், 1977 மாடல். 2004 மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போவதாக ஏற்பாடு. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் திண்டுக்கல்லில் நாங்கள் வழக்கமாக விடும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டு போனேன். நான்தான் கேட்டேன்: "அண்ணே, பிக்கப் சுத்தமா இல்ல. மலை ஏத்தணும்." அவர் வழக்கம்போல் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினார். ஐடில் ஏறியது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். கொஞ்சம் பின்னால் விட்டு முறுக்கினார். ஊருக்குள் ஓட்டிப் பார்த்தேன், வண்டி துள்ளியது. சந்தோஷம்.

வத்தலகுண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் செகண்ட் கியரில், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது, ஒரு சத்தம். தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது மாதிரி. டாப்பட் சத்தம் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போனேன். பி.இ. மெக்கானிக்கல் வேறு! (வேலை சாஃப்ட்வேரில் என்பதால் படித்தது போச்சு என்று சாக்கு சொல்லலாம்.) இறங்கி வந்த அடுத்த வாரம் சைலன்சரில் நீலப் புகை. ஹெட்டைக் கழற்றியபோது மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடைந்திருந்தது. அப்பா அந்த வண்டியை எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பிருந்தே வைத்திருந்தவர். ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின் கட்ட ஆன செலவை அவர் பி.எஃப். பணத்திலிருந்து எடுத்தார் என்பது பிறகுதான் தெரியும். நான் பதினைந்து வருடத்துக்கு மேலாக அந்த மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பிளக்கில் பொறி பறந்தவுடன் சிலிண்டருக்குள் எல்லாம் ஒரேயடியாக வெடித்துவிடுவதில்லை. தீ ஒரு முனையிலிருந்து பரவ வேண்டும். அதற்கு நேரம் ஆகும், பேச்சுக்கு 3 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். எஞ்சின் 800 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது ஒரு மில்லிசெகண்டில் கிராங்க் 4.8 டிகிரி நகரும். 3000 ஆர்.பி.எம்.மில் அதே மில்லிசெகண்டில் 18 டிகிரி. அழுத்தத்தின் உச்சம் பிஸ்டன் மேலே போய்த் திரும்பி ஏறக்குறைய 15 டிகிரி இறங்கியிருக்கும்போது வந்தால் கிராங்குக்கு நல்ல உதை கிடைக்கும். இந்த எளிய கணக்குப்படி 800ல் பொறி ஏறக்குறைய உச்சிப் புள்ளியிலேயே விழுந்தால் போதும். 3000ல் 39 டிகிரி முன்னாலேயே விழ வேண்டும். நிஜத்தில் வேகம் கூடக் கூட சிலிண்டருக்குள் காற்றின் சுழற்சியும் கூடி, தீ வேகமாகப் பரவுகிறது. அதனால் பழைய ஓ.எச்.வி. எஞ்சின்கள் முழு லோடில் அதிவேகத்தில் கேட்பது 30 டிகிரியை ஒட்டித்தான். இது வேகத்தின் கதை.

இன்னொன்று லோடு. சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து 60 கிலோமீட்டரில் போகும்போது சிலிண்டருக்குள் நுழையும் கலவை குறைவு, அடர்த்தியும் குறைவு. அது மெதுவாக எரியும். ஆகவே அங்கே பொறி இன்னும் முன்னால் விழ வேண்டும், மொத்தம் 40 டிகிரிக்கு மேல்கூட. அதே வேகத்தில் மலை வந்து முழுக்க மிதித்தால் கலவை அடர்த்தியாகிவிடும், சட்டென்று எரியும், அந்த 40 டிகிரி ஆபத்தாகிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டர் இந்த இரண்டையும் இரண்டு தனி உறுப்புகளால் சமாளிக்கிறது. கீழே ஸ்பிரிங் கட்டிய இரண்டு எடைக் கட்டைகள், வேகம் கூடினால் விரிந்து கேமை முன்னால் தள்ளும். பக்கவாட்டில் ஒரு தட்டு டப்பா, உள்ளே ரப்பர் டயஃப்ரம், கார்புரேட்டரின் வேக்குவம் இழுக்க இழுக்க பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைத் திருப்பும். முழுக்க மிதித்தால் வேக்குவம் போய்விடும், தட்டு தானாகத் திரும்பி வந்துவிடும். நம்ம ஆட்கள் பாஷையில் எழுதினால்: மொத்த டைமிங் = சி + எஃப்(வேகம்) + ஜி(லோடு).

நாம் கிளாம்ப்பைத் தளர்த்தி உடம்பைத் திருப்பும்போது மாறுவது 'சி' மட்டும்தான்! எஃப், ஜி இரண்டும் அப்படியே இருக்கும். முழுக் கோட்டையும் தூக்கி மேலே வைக்கிறோம் அல்லது கீழே இறக்குகிறோம். கோட்டின் வடிவத்தைத் தொடவே இல்லை. என்னுடைய முதல் விமர்சனம் இதுதான். இந்த அறிவுரை மூன்றில் மிகக் குறைவாகப் பழுதாகும் ஒன்றைத் திருகச் சொல்கிறது. கிளாம்ப் போல்ட் முறுக்கியிருந்தால், பாயின்ட்டின் குதி தேய்வதைத் தவிர, 'சி' தானாக மாற வேறு பெரிய காரணம் இல்லை. ஸ்பிரிங்கும் டயஃப்ரமும்தான் வருடக் கணக்கில் கெடும்.

அப்படியானால் ஏத்தினால் பிக்கப் ஏன் வருகிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

முதல் காரணம், டயஃப்ரம் கிழிந்திருப்பது. முப்பது நாற்பது வருட ரப்பர். கிழிந்தால் வண்டி நிற்காது, சத்தம் போடாது, யாருக்கும் தெரியாது. லேசாக மிதித்து ஓட்டும்போது மட்டும் 10, 15 டிகிரி குறைவாக ஓடும். மைலேஜ் இறங்கும், வண்டி சோம்பலாக இருக்கும். இந்த நிலையில் 'சி'யை 6 டிகிரி ஏற்றினால், காணாமல் போன ஜியில் பாதி திரும்பக் கிடைக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது நிஜமாகவே நன்றாக இருக்கும். மெக்கானிக் பொய் சொல்லவில்லை, வண்டியும் பொய் சொல்லவில்லை. ஆனால் முழுக்க மிதிக்கும்போது ஜி எப்படியும் பூஜ்ஜியம். அங்கே இந்த 6 டிகிரி முழுதும் உபரி. சாஃப்ட்வேரில் ஒரு ஃபங்ஷன் தப்பான மதிப்பைத் திருப்பித் தருகிறது என்றால், கூப்பிடும் இடத்தில் "ப்ளஸ் 6" போட்டுச் சமாளிப்பது மாதிரி. டெஸ்ட் பாஸ் ஆகும். மாதக் கடைசியில் வேறொரு இடத்தில் வெடிக்கும்.

சோதித்துப் பார்க்கக் கருவியே வேண்டாம். கேப்பைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்து ஹோஸைப் பிடுங்கி, வாயால் உறிஞ்சி நாக்கை வைத்து அடையுங்கள். உள்ளே தட்டு நகர வேண்டும், நாக்கை எடுக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அரை நிமிட வேலை. டைமிங்கை ஏத்தச் சொல்லும் பத்துப் பேரில் ஒருவராவது இதை முதலில் செய்யச் சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டாவது காரணம், ஐடில். ஐடிலில் கலவை மிகக் குறைவு, பழைய எரிந்த வாயுவும் கலந்து கிடக்கும், ரொம்ப மெதுவாக எரியும். ஐடிலுக்கு மட்டும் பார்த்தால் எஞ்சின் மேனுவலில் உள்ளதைவிட எவ்வளவோ அதிக டிகிரியை விரும்பும். அதனால் உடம்பைத் திருப்பத் திருப்ப ஆர்.பி.எம். ஏறிக்கொண்டே போகும். "எங்கே அதிகமா ஏறுதோ அங்கே வச்சு, கொஞ்சம் பின்னால விடு" என்பது காதால் வைக்கும் முறை. இதையே வேக்குவம் கேஜ் மாட்டி, "முள் எங்கே உச்சமோ அங்கே, அதிலிருந்து ஒரு இன்ச் குறைச்சு வை" என்று சொன்னால் அறிவியல் மாதிரி இருக்கும். இரண்டும் ஒன்றுதான். எஞ்சின் எந்த வேலையும் செய்யாத ஒரு நிலையில் அதற்கு என்ன பிடிக்கிறது என்று கேட்டு, அதை மலை ஏறும்போதும் கொடுக்கிறோம். உட்கார்ந்திருப்பவனிடம் எவ்வளவு சோறு வேணும்னு கேட்டுட்டு ஓட விடுற கதை. அந்தக் 'கொஞ்சம் பின்னால விடு'வில்தான் எல்லாம் இருக்கிறது. அது மெக்கானிக்கின் அனுபவம். அதைச் சொல்லிக் கொடுக்கவும் முடியாது, கடன் வாங்கவும் முடியாது.

மூன்றாவது, நம் உடம்பு பொய் சொல்கிறது. டார்க் கோடு அதன் உச்சத்துக்குப் பக்கத்தில் தட்டையானது. முழு லோடில் சரியான இடத்திலிருந்து 5 டிகிரி தள்ளினால் இழப்பது ஒன்றிரண்டு சதவீதம். 2 டிகிரி என்றால் அதைவிடச் சொற்பம், அதை எந்த டிரைவரின் முதுகும் உணர முடியாது. ஐடில் ஏறியதால் கிளட்சை விடும்போது வண்டி சுறுசுறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தட்டையான உச்சியின் ஒரு பக்கத்தில் மெதுவான சரிவு, மறுபக்கம் பள்ளத்தாக்கு. முன்னால் போகப் போகச் சக்தி கூடாது. எரியாமல் மிச்சமிருக்கும் கலவை, தீ வந்து சேரும் முன்பே அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாக வெடிக்கத் தொடங்கும். அதுதான் நான் கேட்ட ஆணிச் சத்தம். பிஸ்டனின் ரிங் பள்ளம், ஹெட் கேஸ்கட் இரண்டும் அதற்குத்தான் பலி. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியமாகவே இருக்கலாம்.

இனி மேனுவல் கட்சிக்கு வருவோம். நான் இந்தக் கட்சியில் ரொம்ப நாள் இருந்தவன், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே கடிந்துகொள்கிறேன்.

அம்பாசடரில் இருந்த 1489 சி.சி. எஞ்சின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பம். அதே குடும்பத்தின் 1798 சி.சி. அண்ணன் எம்.ஜி.பி. காரில் ஓடியது. அந்த வண்டியின் மேனுவல் உலகம் முழுக்கப் பழைய கார் ஆட்களுக்கு வேதம். அதில் இரண்டு எண்கள் இருக்கும்: நின்ற நிலையில் 10 டிகிரி, ஸ்ட்ரோப் விளக்கு வைத்துப் பார்த்தால் 600 ஆர்.பி.எம்.மில் 14 டிகிரி. ஒரே எஞ்சின், ஒரே அமைப்பு, இரண்டு எண். 600லேயே எடைக் கட்டைகள் கொஞ்சம் விரியத் தொடங்கிவிடுவதால்தான் இந்த 4 டிகிரி வித்தியாசம். நின்ற நிலை எண்ணை எடுத்துக்கொண்டு ஓடும் எஞ்சினில் ஸ்ட்ரோப் அடிப்பவர்கள் 4 டிகிரி குறைவாக வைத்துவிட்டு, "புக்ல உள்ளபடி வச்சும் இழுக்கல" என்று புலம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

மேனுவலின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். அது வேலையின் வரிசையைச் சரியாகச் சொல்கிறது: முதலில் சிபி பாயின்ட் கேப், பிறகு டைமிங். லூகாஸ் 25டி4 வகையில் கேப் 0.35 முதல் 0.40 மி.மீ. கேப் பெரிதானால் பாயின்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னால் போகும். குதி தேய்ந்து கேப் சிறிதானால் பின்னால் போகும். ஆகவே டைமிங்கை வைத்துவிட்டு அப்புறம் கேப்பைத் தொட்டால் முதல் வேலை வீண். நம்மூரில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். 12 வோல்ட் பல்பு ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டர் லோ டென்ஷன் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டி, பல்பு எரியும் கணத்தில் பாயின்ட் திறக்கிறது என்று கண்டுபிடிப்பதும் அழகான, ஏழைக்கேற்ற முறை.

ஆனால் மேனுவலின் எண் ஒரு நிபந்தனையோடு வருகிறது. ஸ்பிரிங், கட்டை, டயஃப்ரம் எல்லாம் ஃபேக்டரியிலிருந்து வந்த மாதிரியே இருக்க வேண்டும், பெட்ரோலும் அன்றைய பெட்ரோலாக இருக்க வேண்டும். அச்சடித்தபோது இரண்டுமே உண்மை. மேனுவலின் தவறு எண்ணில் இல்லை, அந்த நிபந்தனையை டைமிங் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடாததுதான். எடைக் கட்டைகளின் கோடு பின்னால் வேறொரு அட்டவணையில் பொடி எழுத்தில் கிடக்கும். சி எவ்வளவு என்று ஒரு முழுப் பக்கம், எஃப் எவ்வளவு என்று ஒரு வரி.

நான் மேனுவல் கட்சியை விட்டு வெளியே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையில். அப்பா போன பிறகு வண்டி என்னிடம் வந்தது. எஞ்சின் கட்டிய பிறகும் மலையில் லேசாகச் சத்தம் வந்துகொண்டே இருந்ததால், பயத்தில் டைமிங்கை இறக்கி இறக்கி உச்சிப் புள்ளியிலேயே, அதாவது பூஜ்ஜியத்தில் வைத்திருந்தோம். வண்டி மாட்டு வண்டி மாதிரி போகும், ரேடியேட்டர் சூடாகும். "வயசாயிருச்சு" என்று விட்டுவிட்டோம். ஒரு ஸ்ட்ரோப் டைமிங் லைட் வாங்கிய உற்சாகத்தில் அன்று முழுக் கோட்டையும் அளந்தேன்.

அளப்பது எளிது. கிராங்க் புல்லியின் சுற்றளவை நூல் வைத்து அளந்து 12ஆல் வகுத்தால் 30 டிகிரிக்கான நீளம். புல்லியில் உள்ள வெட்டிலிருந்து, சுற்றும் திசையில், அந்தத் தூரத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு. இடையில் பத்துக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று. வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு விளக்கை முதல் சிலிண்டர் வயரில் மாட்டி, ஆர்.பி.எம்.மை ஏற்றிக்கொண்டே போய் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். ஃபேன் பெல்ட் பக்கம் சட்டைக் கை, தொங்கும் வயர் எதுவும் வேண்டாம்.

நின்ற நிலையில் பூஜ்ஜியம் வைத்த எஞ்சின் ஐடிலிலேயே 6 காட்டியது. 1500ல் 22. அப்புறம் 3000 வரை 22தான், அசையவே இல்லை.

அந்த மூன்று எண்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 3000ஐ நெருங்கும்போது வர வேண்டிய முழு அட்வான்ஸும் 1500லேயே வந்து தீர்ந்துபோகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்தேன். கேமின் அடியில் 11 என்று பொறித்திருந்தது. லூகாஸில் அது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்கில் 22. எண் சரி. ஆனால் கீழே, ஒன்று மெல்லிசும் ஒன்று தடிப்புமாக இருக்க வேண்டிய ஸ்பிரிங்குகள் இரண்டுமே ஒரே மாதிரி மெல்லிசு. எப்போதோ, யாரோ, கைக்குக் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள்.

இப்போது 2004க்குப் போங்கள். அன்றைக்கு சி ஏறக்குறைய 5 இருந்திருக்கும். அண்ணன் காதால் 7 ஏற்றியிருந்தால் 12. செகண்ட் கியரில், 1500 ஆர்.பி.எம்.மில், முழுக்க மிதித்த நிலையில் 34 டிகிரி! அந்த இடத்தில் அந்த எஞ்சினுக்கு வேண்டியது 20க்கும் கீழே. பிஸ்டன் அத்தனை நேரம் தாங்கியதே பெரிது. அதற்குப் பிறகு பூஜ்ஜியத்தில் வைத்தபோது 1500ல் 22 என்று ஓரளவு பொறுத்துக்கொண்டது, ஆனால் 3000லும் அதே 22. அதனால்தான் மாட்டு வண்டி. சியை மேலே தூக்கினாலும் தப்பு, கீழே இறக்கினாலும் தப்பு. ஏனென்றால் பழுது சியிலேயே இல்லை.

சரியான ஸ்பிரிங் ஜோடியும் புது வேக்குவம் யூனிட்டும் மாட்டி, நின்ற நிலையில் 8 வைத்திருக்கிறேன். 1500ல் 17, 3000ல் 30. வேக்குவம் யூனிட்டில் மூன்று எண்கள் பொறித்திருக்கும், வாங்கும்போது பாருங்கள்: எத்தனை இன்ச் வேக்குவத்தில் தொடங்கும், எத்தனையில் முடியும், அதிகபட்சம் எத்தனை டிகிரி. 5-17-10 என்றால் 5 இன்ச்சில் தொடங்கி 17ல் முடிந்து டிஸ்ட்ரிபியூட்டரில் 10 டிகிரி. கடையில் "அம்பாசடருக்குன்னு குடுங்க" என்று கேட்டால் வேறு எண் உள்ளதைக் கையில் திணிப்பார்கள்.

பாயின்ட்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் கிட் போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாயின்ட் தேய்வது தீரும். ஸ்பிரிங்கும் டயஃப்ரமும் அதே பழையதுதான்.

எஞ்சின் தட்டுவதற்கு டைமிங்கைக் குறை சொல்வது புதிதும் இல்லை. ஃபோர்டு மாடல் டி-யில் ஸ்டியரிங்கின் இடப்பக்கம் ஒரு நெம்புகோல் இருக்கும், டிரைவரே ஓட்டிக்கொண்டே டைமிங்கை மாற்றுவார். ஸ்டார்ட் பண்ணும்போது பின்னால் இழுக்க மறந்தால் கிராங்க் கைப்பிடி திருப்பி அடித்துக் கை முறியும். 1912 கேடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன் வந்தபோது, எஞ்சின் தட்டும் சத்தத்துக்கு அவருடைய இக்னிஷன்தான் காரணம் என்று பழி வந்தது. அந்தப் பழியைத் துடைக்கத் தொடங்கிய ஆராய்ச்சியில்தான் அவருடைய உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லி, குற்றவாளி எரிபொருள் என்று கண்டு, 1921 டிசம்பரில் ஈயம் கலந்த சேர்மத்தில் வந்து நின்றார். ஒரு தட்டும் சத்தத்துக்கு உலகமே எழுபது எண்பது வருடம் ஈயத்தைச் சுவாசித்தது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றது 2000 பிப்ரவரியில்.

பின்னாளில் எஞ்சின் பிளாக்கில் ஒரு நாக் சென்சாரைத் திருகி வைத்தார்கள். தட்டும் சத்தம் கேட்டால் கம்ப்யூட்டர் டைமிங்கைச் சட்டென்று இறக்கும், பிறகு மெதுவாக ஏற்றிப் பார்க்கும். அதாவது திண்டுக்கல் அண்ணனின் காது. வித்தியாசம் ஒன்றுதான்: சென்சார் மலை ஏறும்போதும் கூட வருகிறது.

போன டிசம்பரில் அந்த ரெண்டு மெல்லிசு ஸ்பிரிங்கையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். இப்போது டூ வீலர் மட்டும் பார்க்கிறார். காகிதத்தைப் பிரித்து, ஒன்றை விரலில் மாட்டி இழுத்துப் பார்த்தார்.

"இது நான் போட்டது இல்ல தம்பி. ஆனா அன்னைக்குத் தொறந்து பாத்திருக்கணும்."

"அண்ணே, நீங்க ஒண்ணு சொன்னீங்க. ஏத்தத்துல சத்தம் வந்தா மிதிக்காதீங்க, திருப்பிக் கொண்டாங்கன்னு."

"சொன்னேனா?"

சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இத்தனை வருடம் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக, மேனுவல் கட்சிக்கு இன்றைய தலைவலி ஒன்று. நம் பங்குகளில் ஒரு காலத்தில் 87, 93 என்று இரண்டு ஆக்டேன்கள் இருந்தன. பிறகு சாதாரண பெட்ரோலே 91 ஆனது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஆக்டேன் 95. ஆக்டேன் கூடினால் தட்டுவதற்கான எல்லை தள்ளிப்போகிறது, அது லாபம். ஆனால் எத்தனாலுக்குள் ஆக்சிஜன் இருப்பதால், முழுதாக எரிய ஒரு கிலோ வெறும் பெட்ரோலுக்கு வேண்டிய காற்று சுமார் 14.7 கிலோ என்றால், இந்தக் கலவைக்கு 13.5 போதும். புது வண்டியின் கம்ப்யூட்டர் இதைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டரின் ஜெட்டுக்கு அது தெரியாது, அதே ஓட்டைதான். ஆகவே கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்து போகிறது. மெலிந்த கலவை மெதுவாக எரியும், கூடுதல் டைமிங் கேட்கும். எத்தனாலோ தன் பங்குக்குக் கொஞ்சம் வேகமாக எரியும். இவற்றில் எது எவ்வளவு என்பது அந்தந்த வண்டியின் ஜெட்டையும் கம்ப்ரஷனையும் பொறுத்தது. அறுபதுகளில் அச்சடித்த ஒரு எண்ணால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. என் கருத்து: முதலில் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிக் கலவையைச் சரிசெய்துவிட்டு, அதற்கப்புறம்தான் டைமிங்கைத் தொட வேண்டும். மெலிந்த கலவையின் மந்தத்தை டைமிங்கால் மறைத்தால், கிழிந்த டயஃப்ரத்துக்குச் செய்த அதே தப்பு.

25டி4ல் வேக்குவம் யூனிட்டின் முனையில் வரி போட்ட ஒரு குட்டி நட் உண்டு, பக்கத்தில் ஏ, ஆர் என்று ஆங்கில எழுத்துகள். விரலால் திருப்பினால் டிக் டிக் என்று கேட்கும், 11 டிக் ஒரு டிகிரி. கிளாம்ப்பைத் தொடாமல், கிடைக்கும் பெட்ரோலுக்கு ஏற்ப நுணுக்கமாகச் சரிசெய்ய என்றே வைத்தது. பெரும்பாலான வண்டிகளில் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். என்னுடையதை டீசலில் ஊறவைத்து மூன்று நாளில் விடுவித்தேன். புது ஜெட்டோடு 22 டிக் ஆர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன், அதாவது 2 டிகிரி. மே மாதம் வத்தலகுண்டு வழியாக ஏற்றப் போகிறேன், செகண்ட் கியர், ரேடியோ இல்லாமல். அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.